ஊரடங்கில் நிவாரண நிதி திரட்டும் வழி

ஊரடங்கில் ரசீதுப் புத்தகத்தோடு கடைவீதியில் இறங்க முடியாது. கடைகளே பூட்டிக் கிடக்கும். 2020இல் எங்கள் அரிமா சங்கத்தின் பொருளாளராக நான் கடைப்பிடித்த வழி இது.

தொகையைக் கேட்காதீர்கள், பொருளைச் சொல்லுங்கள். ‘ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம்பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய், இரண்டு சோப்பு: ஒரு பை’ என்று எழுதி, மளிகைக்காரரின் விலைச்சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுங்கள். ‘எனக்கு மூன்று பை’ என்று பதில் வரும். வெறுமனே ‘நிதி தாரீர்’ என்றால் கும்பிடு பொம்மைதான் வரும்.

பணம் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். தலைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருடைய சொந்த எண் வேண்டாம். நன்கொடை தருபவருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி பதிவுள்ள அறக்கட்டளை வழியாகத் திரட்டினால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதற்கு வரிச்சலுகை இல்லை, அரிசி மூட்டையாகக் கொடுத்தாலும் இல்லை.

பயனாளிகள் பட்டியலுக்குக் கவுன்சிலரை மட்டும் நம்பாதீர்கள். ரேஷன் அட்டை இல்லாத வடமாநிலத் தொழிலாளர்களை அவர்கள் தங்கியிருக்கும் கொட்டகையின் மேஸ்திரிதான் அறிவார்.

விநியோகத்தை வட்டாட்சியர் அலுவலகத்தில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். வாங்குபவர் முகத்தைப் படமெடுக்க வேண்டாம். கையெழுத்தும் வேண்டாம், ஒரே பேனா நூறு கை மாறும். கணக்குக்கு டோக்கனின் அடிக்கட்டை போதும்.