பிளேஸ்டேஷனில் 'டிரைவர்': முதல் 60 நொடித் தேர்வைக் கடப்பது எப்படி?

ரிஃப்ளெக்ஷன்ஸ் இன்டராக்டிவ் நிறுவனம் உருவாக்கி, 1999-இல் முதல் தலைமுறை பிளேஸ்டேஷனுக்கு வெளிவந்த 'டிரைவர்' விளையாட்டில், மயாமி, சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் ஆகிய நான்கு நகரங்களின் தெருக்களில் விரும்பிய பக்கம் காரைத் திருப்பலாம். ஆனால் கதைக்குள் நுழையும் புதியவர்களில் பலர், கார் நிறுத்தகத்தில் நடக்கும் ஓட்டுநர் தேர்விலேயே முடங்கிப்போகிறார்கள். அவ்வளவு கடினமான தேர்வை வாசலிலேயே வைத்தது நல்ல வடிவமைப்பு என்று சொல்ல முடியாது. எனினும் அதில் கேட்கப்படும் உத்திகள் அனைத்தும் பிற்பாடு தேவைப்படுபவையே.

முதலில் ஒரு முன்னேற்பாடு. இந்த வட்டை பிளேஸ்டேஷன் 2-இலும் இயக்கலாம். ஆனால் ஆட்டத்தைச் சேமிக்க முதல் பிளேஸ்டேஷனுக்குரிய மெமரி கார்டுதான் வேண்டும்.

அடுத்து, கதையைத் தொடங்காமல் 'டேக் எ ரைடு' பகுதிக்குச் சென்று பொத்தான்களைப் பழகிக்கொள்ளுங்கள். பெருக்கல் குறி முடுக்கம், சதுரம் பிரேக்கும் பின்னோட்டமும், முக்கோணம் ஹேண்ட்பிரேக், வட்டம் சக்கரங்களைச் சுழலவிட்டுச் சீறிக் கிளம்பும் பர்ன்அவுட். எல்2, ஆர்2 இரண்டும் இடமும் வலமும் பார்க்க உதவும். சேர்த்து அழுத்தினால் பின்புறம் தெரியும். இந்தக் கார்களின் பின்பகுதி எளிதில் வழுக்கும் என்பதால், திருப்பத்திற்கு முன் முடுக்கத்தைக் கைவிட்டு, கார் நேரானபின் மீண்டும் அழுத்தும் பழக்கம் கைவரும்வரை தேர்வுக்குப் போக வேண்டாம்.

இனித் தேர்வு. மாறுவேடக் காவலரான டேனர், தன் ஓட்டும் திறனைக் குற்றக் கும்பலுக்கு 60 நொடிகளுக்குள் காட்ட வேண்டும். திரையிலுள்ள பட்டியலில் பர்ன்அவுட், ஹேண்ட்பிரேக், ஸ்லாலம் (தூண்களிடையே நெளிந்து செல்வது), 180 (காரை எதிர்த்திசைக்குத் திருப்புவது), 360 (காரை முழு வட்டமாகச் சுழற்றுவது), ரிவர்ஸ் 180 (பின்னோக்கிச் சென்றபடி எதிர்த்திசைக்குத் திருப்புவது), வேகம், பிரேக் சோதனை, நிறுத்தகத்தை ஒரு முழுச் சுற்று வருவது ஆகியவை இருக்கும். வரிசைக் கட்டாயம் எதுவும் இல்லாததால், ஓர் உத்தி முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கும்படி திட்டமிடுவதே வெற்றிக்கு வழி. நின்ற நிலையிலிருந்து பர்ன்அவுட்டுடன் கிளம்பி, அதே நேர் ஓட்டத்தில் வேகத்தையும் பிரேக் சோதனையையும் முடித்துவிடலாம். 180-க்கு, ஓரளவு வேகத்தில் ஒரு பக்கம் முழுவதும் திருப்பியபடி ஹேண்ட்பிரேக்கை அழுத்தி, கார் எதிர்த்திசையைப் பார்த்ததும் விட்டுவிடுங்கள். புதியவர்களை அதிகம் வாட்டுவது ரிவர்ஸ் 180: சதுரத்தை அழுத்தி நேர்கோட்டில் பின்னோக்கி வேகமெடுத்து, அதை விட்டவுடன் முழுவதுமாகத் திருப்ப வேண்டும், முன்பகுதி சுழன்று வரும் கணத்தில் முடுக்கத்தை அழுத்தினால் கார் நின்றுவிடாமல் முன்னோக்கிப் பாயும். இதற்கு விசாலமான இடம் தேவை. தூண்களுக்கு அருகில் முயன்றால் இடிபட்டே தேர்வு போய்விடும். ஸ்லாலத்தில் வேகத்தைவிட நிதானமே நேரத்தை மிச்சப்படுத்தும்.

தேர்வைக் கடந்தபின் மயாமியில், விடுதி அறையின் தொலைபேசிப் பதிவுகள் வழியாகப் பணிகள் வந்துசேரும். திரையின் மேற்புறத்தில் இரண்டு பட்டைகளைக் கவனியுங்கள்: ஒன்று காரின் சேதத்தையும் மற்றொன்று உங்கள் குற்ற அளவையும் காட்டும். காவலர் கண்ணெதிரே சிவப்பு விளக்கைத் தாண்டினாலோ வேக வரம்பை மீறினாலோ இரண்டாவது பட்டை ஏறும். அது ஏற ஏற அவர்கள் மோதும் மூர்க்கமும் கூடும். ஆகவே காவல் கார் அருகில் இருக்கையில் சாதாரண ஓட்டுநரைப் போலச் செல்லுங்கள். துரத்தத் தொடங்கிவிட்டால், நேர்ச்சாலையில் ஓடுவதை விடுத்து, அடுத்தடுத்த சந்துகளில் திரும்பி அவர்கள் பார்வையிலிருந்து மறையுங்கள்.