பழைய எலெக்ட்ரிக் கிட்டார்: பெயின்ட்டைத் தொடவில்லை

பெயின்ட் உரிந்த பழைய கிட்டார். முழுதாகப் புதுப்பிக்கலாமா என்ற யோசனை. முதலில் கழுத்தைத்தான் பார்த்தேன். ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் நடுவில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் மெல்லிய இடைவெளிதான் தெரிய வேண்டும். இதில் அதிகம். கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டான டிரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கி, மறுபடி சுருதி சேர்த்ததும் சரியானது. கழுத்து முறுக்கியிருந்தால் வேலையைக் கைவிட்டிருப்பேன்.

வால்யூமைத் திருப்பினால் கரகரப்பு. உள்ளே கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்து முன்னும் பின்னும் திருப்பத் திருப்பப் போய்விட்டது. கேபிள் செருகும் ஜாக்கில் விட்டுப்போன கிரவுண்ட் வயரைச் சால்டர் செய்தேன்.

அப்புறம் பெயின்ட். பழைய கிட்டாரின் அசல் பூச்சை அழித்தால் பெரும்பாலும் மதிப்பு குறையும். அதைவிட, யாரோ வாசித்து வாசித்து வந்த தேய்மானம் அது; சுரண்டி எடுக்க மனம் வரவில்லை. துடைத்து, புதுக் கம்பி மாட்டி வாசிக்கிறேன்.