கபாலக்குத்துக்குப் பாட்டுப் போடுபவர்கள் விடும் பிழைகள்

எங்கள் ஒழுங்கைக்குள் பின்னேரம் நாலரை மணிக்குப் பாண் ஓட்டோ வரும். நல்ல நாளில் அதன் மெட்டுக் கேட்டதும் சீனிப் பணிஸ் இருக்குமோ என்று படலைப் பக்கம் எட்டிப் பார்ப்பேன். கபாலக்குத்து, அதாவது மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலையிடி, வந்து கிடக்கிற நாளில் அதே மெட்டு நெற்றிப்பொட்டில் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும். ஓட்டோவும் அதுதான், மெட்டும் அதுதான். கிளிநொச்சியில் இத்தனை வருசம் சங்கீதம் படிப்பிக்கிற எனக்கே, பிழை மெட்டில் இல்லை, கேட்கிற நேரத்தில் இருக்கிறது என்று விளங்கக் கனகாலம் எடுத்தது.

ஒற்றைத் தலையிடிக்கு இசை நல்லது என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். நல்லதுதான், ஓரளவுக்கு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிற கொக்ரேன் அமைப்பு 2006 இல் வெளியிட்ட ஒரு மீளாய்வு, பல வகை வலிகளைப் பற்றிய 51 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பூச்சியத்திலிருந்து பத்து வரை வலியை அளந்தால், இசை கேட்டவர்களுக்குக் குறைந்தது ஏறக்குறைய அரைப் புள்ளி. அதுவும் தலையிடிக்கென்றே எடுத்த கணக்கு அல்ல. அந்த அரைப் புள்ளியை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. ஆனால் அரைப் புள்ளியை ஆறு புள்ளியாக நினைத்துக்கொண்டு தொடங்குவதால்தான் பிழைகள் வருகின்றன.

பெரிய பிழை, வலி உச்சத்தில் நிற்கும்போது பாட்டைப் போடுவது. கபாலக்குத்து வெறும் தலை நோ அல்ல. வெளிச்சம், மணம், சத்தம் எல்லாவற்றையும் மூளை அளவுக்கு மிஞ்சி வாங்குகிற நேரம் அது. சத்தம் கூசுவது அந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. அப்படிப்பட்ட நேரத்தில் காதுக்குள் இன்னொரு சத்தத்தை ஊற்றுவது, அது எவ்வளவு இனிமையாக இருந்தாலும், வெந்த புண்ணைத் தடவிக் கொடுக்கிற மாதிரித்தான்.

போன வருசம் பக்கத்து வீட்டு அக்காவுக்கு இது நடந்தது. ஈரத் துவாயைக் கண்ணுக்கு மேல் போட்டபடி சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தா. உயர்தரம் படிக்கிற மகள், பாவம், தாயில் உள்ள பாசத்தில் தலைமாட்டில் போனை வைத்து வீணை போட்டிருந்தாள். “மெல்லிசுதானம்மா, கொஞ்சம் கேளுங்கோவன்” என்கிறாள். அக்காவுக்கு வாய் திறக்க ஏலாது. கையை மட்டும் கட்டிலில் தட்டித் தட்டிக் காட்டுகிறா. “பிள்ளை, முதல் அதை நிப்பாட்டு. யன்னல் சீலையை இழுத்து விடு” என்றேன். அடுத்த நாள் மதிலுக்கு மேலால் அக்கா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது: “ரீச்சர், ஒவ்வொரு கம்பியும் என்ர கண்ணுக்குப் பின்னால இழுபட்ட மாதிரி இருந்தது.”

சரி, அப்ப எப்போது போடுவது? கபாலக்குத்து ஒரேயடியாக வந்து விழுவதில்லை. சில மணித்தியாலங்கள் முந்தி, சிலருக்கு ஒன்றிரண்டு நாள் முந்தியே, கொட்டாவி, கழுத்து இறுக்கம், காரணமில்லாத எரிச்சல், இனிப்பில் ஆசை என்று குறிகள் தெரியும். சிலருக்குக் கண்ணில் நெளிநெளியாக மின்னல் கோடு ஓடும். அது வழக்கமாக 5 நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலம் வரை. பிறகுதான் இடி. மருந்தில்லாமல் விட்டால் 4 முதல் 72 மணித்தியாலம் வரை நிற்கும். அது விட்ட பிறகும் ஒரு நாள் பிழிந்து போட்ட சீலை மாதிரி இருக்கும். இசைக்கு இடம், முன் குறி தெரிகிற நேரமும் இந்தப் பின் களைப்பு நேரமும். எல்லாவற்றையும்விட, தலையிடியே இல்லாத சாதாரண நாட்களும். உச்சத்தில் சிலருக்கு மிகத் தாழ்ந்த ஒலி ஒத்துவரலாம். பெரும்பாலானோருக்கு இருட்டறையும் அமைதியும்தான் மருந்து.

அந்தச் சாதாரண நாட்களைத்தான் ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. உடலையும் மூச்சையும் தளர்த்தும் பயிற்சி கபாலக்குத்து வருகிற தடவைகளைக் குறைக்க உதவும் என்பது மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட விசயம். இசை அந்தப் பயிற்சிக்குள் போகிற படலை. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் இருபது நிமிடம், ஒரே பாட்டை அல்லது ஒரே ஆலாபனையைக் கேட்டபடி மூச்சை ஆற அமர விட்டுப் பழகினால், அந்த ஒலி தொடங்கியதுமே தோள் தானாக இறங்கும். பழகாத உடம்புக்கு, நோ வந்த பிறகு அவசரமாகப் பாட்டுப் போட்டு என்ன பலன்? சோதனைக்கு முதல்நாள் மட்டும் சாதகம் செய்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

எந்தப் பாட்டு என்பதில் ஒரு பெரிய வியாபாரமே நடக்கிறது. இந்த ராகம் தலையிடிக்கு, அந்த ராகம் பிறசருக்கு என்று பட்டியல் போட்டு வீடியோக்கள் வருகின்றன. நீலாம்பரி தாலாட்டுக்குப் பேர்போனது, உண்மை. ஆனால் குறித்த ஒரு ராகம் கபாலக்குத்தைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. சுருதியை 432 ஹெர்ட்ஸில் வைத்துக் கேட்டால் நோ மாறும் என்கிற கதையும் அப்படித்தான். உலக இசைக்கருவிகளுக்குப் பொதுவாக வைத்த சுருதி 440. அதை 432க்கு இறக்கினால் ஒலி ஒரு இழை தாழும், அவ்வளவுதான். நாங்கள் பாடகரின் குரலுக்கு ஏற்றபடி கட்டைச் சுருதியையே மாற்றி வைத்துப் பாடுகிற ஆட்கள், எட்டு ஹெர்ட்ஸில் என்ன மந்திரம் இருக்கப்போகிறது?

ராகத்தைவிட முக்கியம் தாளத்தின் தட்டும் சுரத்தின் உயரமும். நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு, அதாவது ஆறி இருக்கிற நெஞ்சின் துடிப்பு அளவு, தளர்வுக்குப் பொதுவாக எடுப்பது. தாளமே இல்லாத ஆலாபனை அதைவிடச் சுகம் என்பது என் அனுபவம். புல்லாங்குழல் மென்மையானது என்று கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். மேல் ஸ்தாயியில் அது ஊசி. தாழ்ந்த குரல், தம்புரா, மந்தர ஸ்தாயியில் வீணை பரவாயில்லை. சொல் விளங்குகிற பாட்டு என்றால் மனம் சொல்லுக்குப் பின்னால் ஓடும். தவில் கோயிலில் இருக்கட்டும்.

யூடியூப்பில் நேரடியாகப் போடுவது இன்னொரு பிழை. கண்ணை மூடி மூச்சு ஆறி வருகிற நேரம் பார்த்து, சவர்க்கார விளம்பரம் இரண்டு மடங்கு சத்தத்தில் குதிக்கும். முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். போன் திரையைக் கவிழ்த்து வைக்கவும் மறக்கக் கூடாது, வெளிச்சமும் எதிரிதானே.

அப்புறம் ஹெட்போன். கபாலக்குத்து நேரத்தில் பலருக்குத் தலைத் தோலே நோகும். சீப்பு வைக்க ஏலாது, தலையணை பட்டாலும் குத்தும். அந்தத் தலையில் கவ்விப் பிடிக்கிற ஹெட்போனை மாட்டுவது வீண் வேலை. போனை அறையின் மற்றப் பக்கம் வைத்து, பக்கத்தில் ஆள் கதைத்தால் பாட்டு மறைகிற அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து விடுங்கள். நோ இல்லாத நாளிலும் அளவு இருக்கிறது: வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 40 மணித்தியாலம், 80 டெசிபெலுக்கு மேல் போகாமல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஏ9 வீதியில் தனியார் பஸ்ஸில் வவுனியாவுக்குப் போய் வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு சிரிப்பாக இருக்கும். வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல், ஊர்க்கோயில்களில் திருவிழா என்று ஒலிபெருக்கி கட்டுகிற காலத்தில் சிலர் வெளிச் சத்தத்தை அமுக்குவதற்குக் காதுக்குள் அதைவிடக் கூடப் பாட்டைப் போடுகிறார்கள். அந்த நேரம் காதடைப்பான் போதும். அதையும் நாள் முழுக்கப் போட்டுத் திரிந்தால் காது இன்னும் கூச்சமாகிவிடும்.

வன்னியில் இருந்துகொண்டு சொல்லாமல் விட முடியாத ஒன்று இருக்கிறது. எங்களுக்குப் பாட்டு என்பது வெறும் பாட்டல்ல. 2009க்கு முந்திய பாட்டுகள் சிலவற்றைப் பங்கர் வாசலில் கேட்டிருக்கிறோம். சில பாட்டுகளோடு, தறப்பாளுக்குள் கூட இருந்து கேட்ட ஆள் இன்று இல்லை. செத்த வீட்டில் சுண்ணம் இடிக்கும்போது பாடுகிற பதிகம் எவ்வளவு அழகான மெட்டு. சொந்த வீட்டு முற்றத்தில் அதைக் கேட்டவருக்கு அது எப்படி ஆறுதலாகும்? பழைய பாட்டுப் போட்டால் அம்மாவுக்குச் சுகமாக இருக்கும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அம்மா அன்று இரவு நித்திரை கொள்ளாமல் கிடக்கிறா. அழுகை, மன இறுக்கம், நித்திரைக் குழப்பம் மூன்றும் கபாலக்குத்தைக் கூப்பிட்டு வருகிறவை. ஆகவே ஆளைக் கேட்காமல் பாட்டைத் தெரிவு செய்யாதீர்கள். எது பிடிக்கும் என்று கேட்பதற்கு முன் எது வேண்டாம் என்று கேளுங்கள். காரணம் கேட்கத் தேவையில்லை.

பயிற்சி பெற்ற இசைச் சிகிச்சையாளர் ஒருவர் செய்வதும் இதுதான்: ஆளைப் பற்றி விசாரித்து, திட்டம் போட்டு, மாற்றத்தைக் கவனித்துக் கூட வருவார். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படையினரின் ஆஸ்பத்திரிகளில் அமெரிக்காவில் அது தொழிலாக வளர்ந்து, 1950 இல் அங்கே தேசிய சங்கமும் அமைந்தது. நாங்கள் வீட்டில் செய்வதற்கு இசை கேட்பது என்று மட்டும் பெயர் வைத்தால் போதும். சிகிச்சை என்று பெயர் வைத்தவுடன் ஆட்கள் குளிசையை நிறுத்திவிடுகிறார்கள்.

குளிசை விசயத்தில் இரண்டு பக்கமும் பிழை நடக்கிறது. “முதல் பாட்டைக் கேட்டுப் பார்ப்பம், சரிவராட்டிப் போடுவம்” என்று பிந்துவது ஒன்று. கபாலக்குத்து நேரத்தில் இரைப்பை மந்தமாகிவிடும். பிந்திப் போட்ட மருந்து இரத்தத்தில் சேரவும் பிந்தும், சத்தி வந்தால் அதுவும் வெளியே. வைத்தியர் சொன்ன மருந்தைத் தலையிடி தொடங்கியவுடன் போட்டுவிட்டுப் படுங்கள். மற்றது, பனடோலை வெற்றிலை மாதிரிப் போடுவது. சாதாரண வலிக் குளிசையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால், அந்தக் குளிசையே தலையிடியைக் கொண்டுவரும். அந்த நிலைக்குப் போகுமுன் கிளினிக்கில் தலையிடி வராமல் தடுக்கிற மருந்து பற்றிக் கேளுங்கள். புரொப்பிரனலோல் போன்றவை இருக்கின்றன. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஒத்துவராது, முதலே சொல்லிவிட வேண்டும்.

பசிக்குப் பாட்டு மருந்தாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளி விரதம், கந்தசட்டி என்று வெறும் வயிற்றோடோ, பங்குனி வெயிலில் தண்ணீர் குடிக்காமலோ திரிந்துவிட்டு, தம்புரா கேட்டேன் நிற்கவில்லை என்றால் தம்புரா என்ன செய்யும்? எண்பது பக்கக் கொப்பி ஒன்றில் திகதி, நித்திரை, சாப்பாடு, மாதவிடாய், கேட்ட பாட்டு, வந்த நேரம், விட்ட நேரம் எழுதி வையுங்கள். பாட்டு உதவுகிறதா இல்லையா என்று மூன்று மாதத்தில் கொப்பியே சொல்லும்.

சில தலையிடிகளுக்குப் பாட்டைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகிற, வாழ்நாளில் காணாத இடி. ஒரு பக்கக் கை கால் சோர்வு, வாய் குழறல். காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. தலையில் அடிபட்ட பின் வருவது. ஐம்பது வயதுக்குப் பின் முதன்முதலாகத் தொடங்குவது. கர்ப்பிணிக்கு வருகிற கடுமையான தலையிடி. இவற்றில் ஒன்று என்றாலும் நேரே ஆஸ்பத்திரி. உடம்பில், அதிலும் தலையிலோ கண்ணருகிலோ, ஷெல் துண்டு இருக்கிறவர்கள் அதை வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எம்ஆர்ஐ இயந்திரத்தின் காந்தம் இழுத்து, உடம்புக்குள் கிடக்கிற இரும்பு அசையக்கூடும். பதினைந்து வருசத்துக்கு மேலாகிவிட்டது, நோ இல்லை, மறந்தே போனேன் என்று இருந்துவிடாதீர்கள். கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதி வைத்திருங்கள்.