மலைமேல் மாடு வளர்க்கும் நண்பர் வீட்டுக்குப் போகிறீர்களா? முதல் முறை போகிறவர்களுக்கான செய்முறை

கொடைக்கானலைத் தாண்டி மேலே போனால் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று ஊர்கள் வரும். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பங்கள் பலவற்றில் கூடவே நாலு கறவை மாடு, கொஞ்சம் ஆடு இருக்கும். அப்படி ஒரு நண்பர் "ரெண்டு நாள் தங்கிட்டுப் போங்க" என்று கூப்பிட்டால், ரிசார்ட்டுக்குக் கிளம்புவது போலக் கிளம்பிவிடாதீர்கள். அந்த வீட்டில் பொழுதை முடிவு செய்வது மாடுதான்.

1. தேதியை நண்பரிடம் விடுங்கள்

எந்த மாடாவது கன்று போடும் நிலையில் இருக்கிறதா, ஊரில் கோமாரி (மாடு, ஆடுகளுக்கு வாயிலும் காலிலும் புண் வரும் தொற்றுநோய்) இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கோமாரி அவர்கள் ஊரில் இருந்தாலும் சரி, உங்கள் ஊரில் இருந்தாலும் சரி, பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். கூச்சப்பட வேண்டாம், அவர்களுக்கு அது நிம்மதியாகத்தான் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் மலைப்பாதை சரிகிற அபாயமும் உண்டு.

சொந்த வண்டி என்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த நடைமுறை இருக்கிறது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இது தேவையில்லை.

2. கையில் என்ன கொண்டுபோவது

ஸ்வீட் பாக்ஸைவிட முருங்கைக்காய்க்கும் தேங்காய்க்கும்தான் அங்கே மதிப்பு. அந்தக் குளிரில் இரண்டும் விளையாது. ஒரு கட்டு முருங்கைக்காயைப் பார்த்ததும் அந்த வீட்டு அக்கா முகத்தில் வருகிற சிரிப்பு எந்த மைசூர்பாவுக்கும் வராது. பாலித்தீன் பையில் மட்டும் கொண்டுபோகாதீர்கள். மாடு அதை விழுங்கினால் வயிற்றிலேயே தங்கிவிடும்.

3. செருப்பைக் கழுவுங்கள்

புதிதாகப் போகிறவர்கள் யாரும் செய்யாத வேலை இது. கோமாரிக் கிருமி செருப்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகும். கிளம்புவதற்கு முன், அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் மண்ணையும் சாணியையும் பிரஷ் போட்டுத் தேய்த்து எடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் சலவைச் சோடா கரைத்து அதில் நன்றாக நனைய விடுங்கள். சாணி ஒட்டியிருக்கும்போதே சோடாத் தண்ணீர் ஊற்றினால் பயனில்லை. தோய்த்த துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். கொட்டகைக்குள் போக நண்பர் வீட்டு ரப்பர் பூட்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது.

4. இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள்

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் சுமார் 35 கி.மீ. வளைவுகளும் பனிமூட்டமும் போதாதென்று காட்டுமாடுகளும் சாலையில் நிற்கும். எதிரே நின்றால் வண்டியை நிறுத்தி, ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள். ராத்திரியில் தோட்டப்பக்கம் தனியாக நடக்க வேண்டாம்.

5. பால் கறக்கும்போது எங்கே நிற்பது

விடியும் முன்னே கறவை தொடங்கிவிடும். பார்க்க ஆசை என்றால் மாட்டின் கண்ணில் படும்படி, பக்கவாட்டில் நாலடி தள்ளி நில்லுங்கள். நேர் பின்னால் நிற்பவரை மாட்டுக்குத் தெரியாது. உதைத்தால் கால் பக்கவாட்டிலும் வீசும்.

கன்றை ஊட்டவிட்டு, மடியைக் கழுவித் துடைத்ததும் பால் சுரக்கும். அந்தச் சுரப்பு ஐந்தாறு நிமிடம்தான். புது ஆள் சத்தம் போட்டாலோ, ஃபிளாஷ் அடித்தாலோ மாடு மிரண்டு பாலை அடக்கிக்கொள்ளும். பால் கூட்டுறவு சொசைட்டிக்குப் போகிற பால் அன்றைக்கு ஒரு லிட்டர் குறைந்தால் அது நண்பரின் காசு. எனவே போனைப் பையிலேயே வைத்திருங்கள்.

6. தொடுவதும் தீனி போடுவதும்

குரல் கொடுத்துக்கொண்டே தோள்பக்கமாகப் போங்கள். கழுத்திலோ தாடைக்கு அடியிலோ சொறிந்துவிட்டால் மாடு தலையை நீட்டிக் கொடுக்கும். நெற்றியில் கை வைக்காதீர்கள். ஆட்டுக்குட்டியின் நெற்றியைத் தள்ளி விளையாடுவதும் வேண்டாம். அது முட்டப் பழகி, கிடாவானதும் வீட்டாரைப் பதம் பார்க்கும். கன்று போட்ட மாட்டிடம் பழக்கமில்லாதவர்கள் நெருங்கவே கூடாது.

மிச்சச் சோறு, பொங்கல், பிரியாணியைப் பாசத்தோடு வாளியில் கொட்டுகிறவர்கள் உண்டு. மாவுச்சத்து அதிகமானால் வயிற்றில் அமிலம் ஏறி மாடு சாகவும் கூடும். நண்பர் கொடுக்கும் புல்லை மட்டும் போடுங்கள். கொட்டகைப் படல் கதவை எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள்: மூடியிருந்தால் மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள்.

7. குடிப்பதும் திரும்புவதும்

பச்சைப்பால் குடித்தால் சத்து என்பார்கள். நம்பாதீர்கள், கன்று வீச்சு நோய் (மாடு கன்றைக் குறைமாதத்தில் போட வைக்கும் புரூசெல்லோசிஸ்) கிருமி அதன் வழியாக மனிதருக்கும் வரும். பொங்கக் காய்ச்சியே குடியுங்கள். கர்ப்பிணிகள் ஆடு குட்டி போடும் இடத்துக்குப் போக வேண்டாம். சீம்பால் கொடுத்தால் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள், நீங்களாகக் கேட்காதீர்கள். அதில் முதல் பங்கு கன்றுக்கு.

அப்புறம், கிளம்பும்போதும் செருப்புக்கு அதே சோடாத் தண்ணீர். வழியில் மன்னவனூர் ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தில் பாரத் மெரினோ செம்மறிகளைப் பார்க்கத் தோன்றும். கிருமி இடம் மாறாமல் இருக்க அதை, நண்பர் வீட்டுக்குப் போவதற்கு முன்போ பின்போ சொருகாமல் வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.