சென்சார் நாய்ஸை ஒப்பிடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் சொரசொரப்புதான் நாய்ஸ். எந்தக் கேமராவில் அது குறைவு என்று பார்க்க, இரண்டு கேமராவிலும் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அமைப்பு) 6400 வைத்து ஒரே காட்சியை எடுத்து, திரையில் 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அதிகம் ஏமாற்றுவது இந்த முறைதான். சோனி ஏ7 மார்க் 3-இன் படம் 6000 பிக்சல் அகலம். ஏ7ஆர் மார்க் 4-இன் படம் 9504. இரண்டும் ஃபுல் பிரேம் சென்சார்தான், அதாவது ஒரே அளவு. ஒன்றைக் கூடுதல் கட்டங்களாக நறுக்கியதால் ஒவ்வொரு கட்டத்துக்கும் வெளிச்சம் குறைகிறது, அவ்வளவே. பெரிய படத்தை 6000 பிக்சலுக்குச் சுருக்கிவிட்டுப் பாருங்கள், வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

படத்தில் தெரியும் நாய்ஸில் பெரும்பகுதி சென்சாரின் குற்றமே அல்ல. ஒளி துகள்களாக வந்து விழுவதால் ஏற்படுவது அது. ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, அதாவது 1 சதவீதம். 100 துகள்தான் விழுந்தது என்றால் ஏற்ற இறக்கம் 10. அது 10 சதவீதம்! ஆகவே இரண்டு கேமராவுக்கும் ஒரே அளவு வெளிச்சம் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் முதல் கேள்வி. ஆட்டோவில் விட்டால் ஷட்டர் திறந்திருக்கும் நேரமாக ஒன்று 1/60 நொடி எடுக்கும், மற்றது 1/100 எடுக்கும். ஐஎஸ்ஓ எண் ஒன்றாக இருந்து பயனில்லை. மேனுவலில் ஷட்டர், அப்பர்ச்சர் (லென்ஸின் துவாரம்) இரண்டையும் பூட்டுங்கள். முடிந்தால் ஒரே லென்ஸை மாற்றி மாட்டுங்கள். எஃப் எண் (அப்பர்ச்சரின் அளவு) ஒன்றாக இருந்தாலும் கண்ணாடி அதிகமுள்ள ஜூம் கொஞ்சம் வெளிச்சத்தை விழுங்கும். டியூப்லைட், மலிவான எல்இடி ஆகியவை 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கும் என்பதால் ஷட்டர் 1/50-ஐவிட வேகமாகப் போகக் கூடாது.

ஜேபெக் வேண்டாம், கேமராவே நாய்ஸைத் துடைத்துவிட்டுத்தான் தரும். ரா (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) எடுத்தாலும் லைட்ரூம் மென்பொருள் கலர் நாய்ஸ் ரிடக்‌ஷனைத் தானாக 25-இல் வைக்கும். அதையும் ஷார்ப்பனிங்கையும் 0 ஆக்குங்கள்.

ஒரே ஒரு ஐஎஸ்ஓவில் சோதித்து முடிவு கட்டுவதும் தவறு. ஏ7 மார்க் 3-இல் ஐஎஸ்ஓ 640-க்கு வரும்போது பிக்சலின் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) மாறுகிறது. நிழல் பகுதியைத் தூக்கினால் 500-ஐவிட 640 சுத்தமாக இருக்கும். 500-இல் மட்டும் சோதித்தால் அந்தக் கேமராவுக்கு அநியாயம்.

கண்ணை நம்பாமல் அளந்து பார்ப்பது நல்லது. முக்காலியில் வைத்து, கிரே கார்டை (ஒரே சீரான சாம்பல் நிற அட்டை) லேசாக ஃபோகஸ் விலக்கி, அடுத்தடுத்து இரண்டு படம் எடுங்கள். அட்டையின் சொரசொரப்பு நாய்ஸாகக் கணக்கில் ஏறாமல் இருக்கத்தான் இந்த ஃபோகஸ் விலக்கல். டோன் கர்வ் (பிரகாசத்தை மாற்றியமைக்கும் வளைவு) ஏறாத ரா எண்களில், பச்சை சேனலில் 100×100 பிக்சல் பகுதியை எடுத்து, ஒரு படத்திலிருந்து மற்றதைக் கழியுங்கள். வரும் எண்களின் திட்ட விலக்கத்தை (சராசரியிலிருந்து சிதறும் அளவு) 1.414-ஆல் வகுத்தால் ஒரு படத்தின் நாய்ஸ் கிடைக்கும். கழித்தலை 32 பிட்டில் செய்யாவிட்டால் மைனஸ் எண்களெல்லாம் பூஜ்ஜியமாகி, அளவு பொய்யாகக் குறைந்து தெரியும்.