ஸ்கூபா கற்க எவ்வளவு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும்?

ஸ்கூபா என்றால் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு, அதிலிருந்து மூச்சு விட்டபடியே தண்ணீருக்கடியில் நீந்துவது. முதலில் எதில் சேரப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போகிறவர்கள் ஒரு நாளில் செய்துவிட்டு வரும் டைவுக்கு நீச்சலே தேவையில்லை, பயிற்சியாளர் உங்களைப் பிடித்துக்கொண்டே வருவார், ஆழமும் 12 மீட்டரைத் தாண்டாது. 'ஓப்பன் வாட்டர்' சான்றிதழ் அப்படியல்ல. அதை வாங்கியவர் பயிற்சியாளர் இல்லாமல், ஒரு துணையோடு 18 மீட்டர் வரை இறங்கலாம். அதனால்தான் நீச்சல் சோதனை.

பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் ஓப்பன் வாட்டர் கோர்ஸில் சோதனை இரண்டு: 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும் (கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க், வாயால் மூச்சு விடும் குழாயான ஸ்நார்கெல், துடுப்புக் காலணி போட்டுக்கொண்டால் 300 மீட்டர்), அப்புறம் எதையும் பிடிக்காமல் 10 நிமிடம் மிதக்க வேண்டும். நேரக் கணக்கு கிடையாது, எந்த நீச்சலானாலும் சரி. 25 மீட்டர் குளம் என்றால் எட்டு தடவை, அவ்வளவுதான்.

படி 1: மிதப்பில் தொடங்குங்கள். எல்லோரும் தூரத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள், ஆனால் எனக்கு மிதப்புதான் முக்கியமாகப் படுகிறது. மல்லாந்து படுத்து, காது இரண்டும் தண்ணீருக்குள் போகும் அளவுக்குத் தலையைப் பின்னால் சாய்த்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுங்கள், உடம்பு மேலே எழும்புவது தெரியும். மூச்சை விடும்போது கொஞ்சம் அமிழும், கால் மெல்லக் கீழே இறங்கும், அதைப் பார்த்துப் பதறித் தலையைத் தூக்கினால்தான் முழுகுவீர்கள். இரண்டு நிமிடத்தில் தொடங்கிப் பத்துக்குக் கொண்டுவாருங்கள்.

படி 2: தூரம். 50 மீட்டரிலேயே மூச்சு வாங்குகிறதென்றால் பெரும்பாலும் வேகம்தான் காரணம். பாதி வேகத்தில் போங்கள், முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூச்சை விட்டுவிடுங்கள். வாரத்துக்கு ஒரு சுற்று கூட்டினால் போதும்.

படி 3: மூக்கில் தண்ணீர். இதை யாரும் பழகுவதில்லை! என்னோடு படித்த ஒருவர் நன்றாக நீந்துவார், ஆனால் மாஸ்க்கில் அரை அளவு தண்ணீர் ஏறியதும் மூக்கால் உறிஞ்சி, இருமி, எழுந்து நின்றுவிட்டார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, மாஸ்க் இல்லாமல் முகத்தை அமிழ்த்தி, ஸ்நார்கெல் வழியாக வாயால் மட்டும் மூச்சு விட்டுப் பாருங்கள். முதல் நாள் பத்து மூச்சு வந்தாலே நல்லது.

மூச்சடக்கும் போட்டி மட்டும் வேண்டாம், தனியாக இருக்கும்போது அறவே வேண்டாம், தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வந்துவிடும். ஸ்கூபாவிலோ மூச்சை அடக்கவே கூடாது என்பதுதான் முதல் விதி.

சேருவதற்கு முன் மருத்துவப் படிவம் ஒன்று தருவார்கள். ஆஸ்துமா, காது, இதயம் என்று எது இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். மருத்துவரின் கையெழுத்து வாங்க ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும், பணம் கட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.