பொட்டலம் கட்டி அனுப்பாதீர்கள்

பிரான்சில் ஒரு தம்பதிக்கு இரண்டு மகன்கள். இருவருக்கும் கடுமையான அறிவுசார் குறைபாடு. லூர்து மாதா திருத்தலத்துக்குப் போகும் திருப்பயணக் குழுவில் இடம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. தனியாகவே கிளம்பிப் போனார்கள். அங்கே ஓட்டல்காரர் ஒரு நிபந்தனை போட்டார்: சாப்பாடெல்லாம் அறைக்குள்ளேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

அந்த வலியில் பிறந்ததுதான் 1971 ஈஸ்டர் திருப்பயணம். லூர்தில் கூடிய 12,000 பேரில் சுமார் 4,000 பேர் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் நண்பர்களும் சேரும் ஃபெய்த் அண்ட் லைட் இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. அதன் குழுக்கள் மாதம் ஒருமுறையாவது கூடும். பேச்சு, பாட்டு, ஜெபம், சேர்ந்து சாப்பாடு, அவ்வளவுதான்.

நம் பங்குக் கோயில்களில் நடப்பது வேறு. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தால் மாற்றுத்திறனாளிகளை அழைப்போம், சால்வை போடுவோம், போட்டோ எடுப்போம், பிரியாணிப் பொட்டலம் கொடுத்து வேனில் ஏற்றிவிடுவோம். பொட்டலம் என்றால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு என்றுதானே அர்த்தம்? ஓட்டல்காரர் சொன்னதும் அதைத்தான். இலை போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். குழம்பு சட்டையில் சிந்தும். சிந்தட்டும்.

அடுத்தது சத்தம். திருப்பலி நடுவே ஒருவர் உரக்கச் சிரித்தால் நாலு வரிசை திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வை போதும், அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார், அடுத்த ஞாயிறு வரவே மாட்டார். (கைக்குழந்தை அழுதால் மட்டும் பொறுத்துக்கொள்கிறோம்!)

மாற்றுத்திறனாளி ஒருவரைக் கேட்காமல் அவர் தலையில் கைவைத்துக் குணமாக ஜெபிப்பதும் வேண்டாம். அவர் பூசைக்கு வந்தது பாட்டுப் பாடவாக இருக்கலாம். நாற்பது வயது ஆளை ‘சாமி குழந்தை’ என்று கொஞ்சுவதும், அவரிடம் கேட்க வேண்டியதை அண்ணனிடம் கேட்பதும் அதே ரகம். காணிக்கைத் தட்டை அவர் கையில் கொடுங்கள். மெதுவாகத்தான் நடப்பார், பாடகர் குழு இன்னொரு சரணம் பாடட்டும்.

இன்னொன்று, இது கசப்பானது. ஃபெய்த் அண்ட் லைட் இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் ஜான் வனியே. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் மற்றவர்களும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் லார்ஷ் சமூகங்களை 1964இல் தொடங்கியவரும் அவரே. புனிதர் போலவே கொண்டாடப்பட்டார். அவர் இறந்த பிறகு, பல பெண்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியவர் என்று 2020இல் லார்ஷ் வெளியிட்ட விசாரணை அறிக்கையே சொன்னது. ஆகவே ‘நல்ல மனுஷன், சேவை செய்கிறார்’ என்பதற்காக யாரையும் கண்காணிப்பு இல்லாமல் விடாதீர்கள். உங்கள் குழுவில் புகார் வந்தால் யாரிடம் சொல்வது என்பது, பேச்சு வராதவரின் அம்மா உட்பட, எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.